இருக்கப்போகிறவர்களுக்கே கடன்

எங்கள் வீட்டுக்கு இனிமேல் கடன் கிடையாது என்று ஒரு மளிகைக் கடைக்காரர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். எழுபதுகளின் நடுவில், சூரியநெல்லிப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் பஜாரில், ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் இது நடந்தது. வாங்கிய கடனைத் தராமல் இழுத்தடிக்கிறவர்களிடம் அப்படிச் சொன்னால் நியாயம். நானோ போன வாரம்தான் அதே கடையில் எங்கள் வீட்டுக் கடன் அத்தனையையும் கட்டித் தீர்த்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தின் பின்னாலேயே, அன்று என்னை வாயடைத்து நிற்கவைத்த பிரமிப்பும் வந்துவிடுகிறது.

நான் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய ஒரு ஊரில். நிலக்கடலையும் சோளமும் விளைகிற மேட்டுக்காடு, ஒரு கிணறு, நாலைந்து மாடுகள். கடலை விற்ற மறுநாள் காலையில் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். விதை வாங்கின கடை, உரம் வாங்கின கடை, வண்டிப் பட்டறை என்று ஒவ்வொரு இடமாகப் போய்க் கடைசிக் காசு வரை வைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். அன்றைக்கு மட்டும் அவர் சாப்பிடும்போது அம்மாவிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுவார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கடன் என்றால் காலில் தைத்த முள். பார்த்ததும் பிடுங்கிப் போட வேண்டும்.

தேயிலை ஃபாக்டரியில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், மழை பொய்த்தாலும் சோறு உண்டு என்று சொல்லி என்னை மலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் தேயிலை உலர்த்துகிற மெஷினில் நின்றார். என் மாமியார் கொழுந்து பறித்தார். மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். லயத்தில், அதாவது எஸ்டேட்காரர்கள் வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில், நாங்கள் மூன்று பேர். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன்னால் ஏறி வந்தவர்கள்தான் அங்கே எல்லாரும். நான் வாயைத் திறந்து "ஏனுங்க" என்றால் போதும், லயத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

மலை என்னைப் பயமுறுத்தியது. எங்கள் ஊரில் ஒருவர் வருவது தெரிந்து, உலை வைத்து, அரிசி வெந்த பிறகுதான் ஆள் வீட்டுக்கு வந்து சேருவார். அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும். இங்கே பனிமூட்டம் கேட்காமல் கொள்ளாமல் அடுப்படிக்குள் நுழைந்து, எதிரே இருக்கிற குண்டானை மறைத்துவிடும். அது விலகுகிறபோது, சற்றுமுன் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு பெரிய பாறைமலை நிற்கும். அதைப் பார்த்துக் கைவேலையை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். ஆனால் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஆடிக்குப் பிறந்த வீடு போனபோது அம்மாவிடம் மெல்லச் சொன்னேன், தைக்குள் அவரையும் கூட்டிக்கொண்டு கீழே வந்துவிடப் போகிறேன் என்று. அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவரிடம்கூட.

ஆடிச் சீராக அப்பா கொஞ்சம் பணம் கொடுத்தனுப்பினார். உடுமலை வழியாக மூணாறு வந்து, அங்கிருந்து ஒரு ஜீப்பில் நெருக்கியடித்துப் பஜாரில் இறங்கினேன். இறங்கின இடத்துக்கு எதிரேயே அந்தக் கடை. அரிசி, பருப்பு, மிளகாய், மண்ணெண்ணெய் எல்லாம் எங்கள் லயம் முழுவதற்கும் அந்தக் கடையில்தான். மாதம் முழுக்கக் கடனுக்கு வாங்குவது, சம்பள நாளில் கொடுப்பது. அந்த வேலை அத்தையுடையது. புது மருமகள் சம்பள நாள் கூட்டத்துக்குள் போக வேண்டாம் என்று என்னை வீட்டிலேயே விட்டுவிடுவார். எங்கள் வீட்டுக் கணக்கு ஒரு மாதமும் தவறினது இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கையில் பணம் இருந்தது. அப்பாவின் ரத்தம் உடம்பில் ஓடியது. நேராகக் கடையில் ஏறினேன். கடைக்காரருக்கு என் வீட்டுக்காரரைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவருடைய அப்பா போடியிலிருந்து வந்து போட்ட கடை அது.

"ஏனுங்க, எங்கூட்டுக் கணக்கு எவ்வளவுங்க?"

அவர் நோட்டைப் புரட்டிச் சொன்னார். நான் மடியிலிருந்து பணத்தை எடுத்தேன்.

"அத்தனையும் எடுத்துக்குங்க. ஒரு காசு பாக்கி வெக்க வேண்டாமுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாத்தையுமா? மேல ஒரு பழைய பாக்கி இருக்கு, ரெண்டேகால் ரூவா. ஒங்க மாமனார் காலத்துது. அதையும் சேத்தா?"

"அவரு காலத்துதா? இத்தனை நாளு ஓடுனது போதுமுங்க. அதையும் சேத்து எடுத்துக்குங்க."

"வீட்ல ஒங்க மாமியாருக்குத் தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "கடனைக் குடுக்கறதுக்கும் ஊட்டுல கேட்டுப்போட்டா வரோணும்?"

அவர் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டார். பிறகு ஒரு அச்சு வெல்லத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். காசு வேண்டாம் என்றார். நாணயமான வாடிக்கைக்காரிக்குக் கடைக்காரர் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தேன். சம்பள நாளில் அத்தை போய், கொடுக்க ஒன்றுமே இல்லை என்று கேட்டு அசந்துபோகட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு லயத்தில் எல்லாரும் விசித்திரமாக நடந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "மதினி, கோழி ரெண்டையும் குடுக்கிறதா இருந்தா வேற யாருக்கும் சொல்லிராதீக" என்றாள். நான் எதற்குக் கோழியைக் கொடுக்கிறேன் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கீழ் லயத்து ஆள் ஒருவர் எங்கள் வாசலில் நின்று கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்து, மழைக்கு ஒழுகுமா என்று விசாரித்தார். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத ஒரு பெண் கொய்யாப் பழம் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபாக்டரியில் அவரிடம் "எப்போ?" என்று கேட்டார்களாம். இவர் "என்ன எப்போ?" என்றிருக்கிறார். இந்த மலைக்காரர்களுக்கு மழை வந்தால் மண்டையில் ஏதோ ஆகிவிடும்போல என்று நான் முடிவு கட்டினேன்.

மழை நிற்கவே இல்லை. போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து லாரிகள் வருவது நின்றுபோயிற்று. ஃபாக்டரியை நிறுத்திவிட்டு ஆண்களை எல்லாம் மண் அள்ளக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவரும் போனார். நனைந்து நனைந்து கொழுந்து பறித்த அத்தைக்குக் காய்ச்சல் வந்து, கம்பளிக்குள் சுருண்டுவிட்டார். அன்று காலையில் கஞ்சி வைக்க டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு கைப்பிடி அரிசிதான் இருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். எங்கள் கோழிகளின்மேல் கண் வைத்தவளிடம் போய் நான் அரிசி கேட்பதா? சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு பஜாருக்கு இறங்கினேன். கையில் காசு இல்லை. இருந்ததை எல்லாம்தான் கட்டியாகிவிட்டதே. ஆனால் எனக்குத் துளிக் கவலை கிடையாது. அந்த நோட்டில் எங்கள் கணக்கைவிடச் சுத்தமான கணக்கு ஏது?

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு முன்னால் நின்றவர் சம்பளத்தில் பாதியைச் சாராயத்துக்குத் தாரை வார்க்கிறவர் என்று ஊருக்கே தெரியும். கடைக்காரர் அவரை ஒரு ஏச்சு ஏசிவிட்டு இரண்டு கிலோ அரிசியை நிறுத்துக் கொடுத்து, கடனில் எழுதிக்கொண்டார். நான் பையை நீட்டினேன்.

அவர் தராசைக் கீழே வைத்தார். "தங்கச்சி, தப்பா நெனைக்காதீக. ஒங்க வீட்டுக்கு இனிமே கடன் கெடையாது. காசுன்னா எடுத்துக்கிடுங்க."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. "ஏனுங்க, இங்க நிக்கறவீங்கள்ள ஆரு கணக்கு சுத்தமுங்க? போன வாரம் அத்தனை பணத்தையும் கொண்டாந்து கொட்டுனது நானுங்க. இவுருக்கு அளந்து குடுக்கறீங்க. எனக்கு இல்லீங்களா?"

"இவன் எங்க போகப்போறான் தங்கச்சி? சாகுற வரைக்கும் எங்கடைக்குத்தான் வரணும்."

அரிசிப் பையோடு நின்ற அந்த ஆள், ஆமாம் என்று பெருமையாகத் தலையை ஆட்டினார். அவரைப் பிடித்து மழையில் தள்ளலாம்போல் இருந்தது.

"நீங்கதான் கணக்க முடிச்சுட்டீகளே" என்றார் கடைக்காரர். அவர் குரலில் குத்தல் இல்லை. "இந்த மலையில கணக்க முழுசா யாரும் முடிக்க மாட்டாக. சம்பளத்தன்னைக்குக் கொஞ்சம் பாக்கி வச்சுட்டுத்தான் போவாக. அது இருந்தாத்தான் அவுக நாளைக்கும் வருவாகன்னு எனக்குத் தெரியும், நா குடுப்பேன்னு அவுகளுக்கும் தெரியும். முழுசாக் கட்டுனா ஊருக்கு எறங்குறாகன்னு அர்த்தம். அதான் வெல்லம் குடுத்தேன். எறங்குறவுகளுக்கு அது எங்கப்பா காலத்துலருந்து குடுக்கிறது."

கோழி, கூரைத் தகரம், கொய்யாப் பழம், ஃபாக்டரியில் கேட்ட "எப்போ?" எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"ரோடு அடைச்சுக் கெடக்கு" என்று அவர் உள்ளே சாய்த்துவைத்திருந்த மூட்டைகளைக் காட்டினார். "இருக்கப்போற வீடுகளுக்கே இது பத்துமான்னு தெரியல. இப்பச் சொல்லுங்க. இருக்கீகளா, எறங்குறீகளா?"

இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரிசி கிடைத்திருக்கும். என் வாயில் அது வரவில்லை. அம்மா காதில் மட்டும் நான் சொன்னதை, கட்டின புருஷனுக்கே சொல்லாததை, வெறும் இரண்டேகால் ரூபாயை வைத்து இந்த மனிதர் எப்படித் தெரிந்துகொண்டார்? கடனைத் தீர்க்கத்தான் போனேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவைப் போல நடந்தேன் என்று நினைத்தேன். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு முன்னால் அந்தப் பஜாருக்குத் தெரிந்திருக்கிறது. வெறும் பையோடு படி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கம்பளியை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டேகால் ரூவாயுமா குடுத்துட்ட?"

"ஆமாங்கத்தை. பழைய கடனுன்னு சொன்னாருங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப இனிமே அவுக பேரக் கூப்புட மாட்டாகளே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். மாமனார் வாலிபத்தில் தனியாக மலையேறி வந்தபோது போர்த்திக்கொள்ள ஒரு துணி இல்லையாம். இந்தக் கடைக்காரருடைய அப்பா கூப்பிட்டு ஒரு கம்பளியைக் கொடுத்து, அவர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாராம். அந்தக் கம்பளிக் கடனில் மிச்சம்தான் அந்த இரண்டேகால் ரூபாய். இருக்கட்டும் என்று அவரும் விட்டார். அவர் போன பிறகு அத்தையும் விட்டார். சம்பளத்தன்று கடைக்காரர் வாசலில் நின்று கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவாராம்.

"மாசத்துக்கு ஒருக்க அவுக பேரு காதுல விழும். நாந்தேன் வந்திருக்கோம்னு சொல்லிட்டுப் போவேன். எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். கட்ட வேண்டிய கடனைக் கட்டியது எப்படித் தப்பாகும் என்று அப்போதும் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. அவர் திட்டவில்லை. இறந்துபோன மனிதர் ஒருவர் அந்த நாள்வரை மாதாமாதம் பஜாருக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார். அவரை நான் வெல்லம் வாங்கிக்கொண்டு வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறேன்.

காய்ச்சலோடு அத்தை கிளம்பினார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. ஒரே சாக்குக்குள் இரண்டு பேரும் தலையைக் கொடுத்துக்கொண்டு வழுக்குகிற பாதையில் இறங்கினோம். அவர் உடம்புச் சூடு என் தோளில் தெரிந்தது.

"அவுக பேர்லயே மறுக்க எழுதுங்க அண்ணாச்சி" என்றார் கடைக்காரரிடம்.

அவர் எழுந்து நின்றேவிட்டார். ஆனால் தலையை அசைத்து மறுத்தார். "முடிஞ்ச பேர்ல மறுபடி எழுதுற பழக்கம் இல்லம்மா. அது ஒங்களுக்கே தெரியும். இருக்கப்போற ஆளு பேரச் சொல்லுங்க, எழுதுறேன்."

மகன் பேரைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். கடைக்காரரும் அதையே எழுதப்போகிறவர்போலப் பென்சிலை எடுத்தார். அத்தை திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவ பேர எழுதுங்க."

"தங்கச்சி பேரா?"

"நா எங்கன போகப்போறேன்? எம்மகன் இவ பின்னால போறவன். இவ இருந்தாத்தான் அவன் இருப்பான். இவ பேரு இருந்தாப் போதும்."

அத்தைக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஆடிக்குப் போய்விட்டு வந்து இறங்கிய அன்றே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். என் மனசை நான் பெட்டியில் பூட்டிவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, இந்த மலை முழுக்க அதைப் படித்துவிட்டு, எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "எழுதவா தங்கச்சி?"

கல்யாணத்தின்போது என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா தீர்மானித்தார், ஜோசியர் நாள் குறித்தார், நான் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். நீ இருக்கிறாயா என்று முதன்முதலாக என்னைக் கேட்டது இந்த மளிகைக் கடைக்காரர்தான். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். அத்தையின் கணுக்காலில் ஒரு அட்டை கடித்துத் தொங்கியது. ரத்தம் பாதத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியதெல்லாம் என் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்தான். கஞ்சிக்காக மட்டும் அதைச் சொல்லிவிட்டுத் தையில் ஓடிப்போக என்னால் முடியாது. அதுவும் எனக்கு அப்போதே தெரிந்தது.

"எழுதுங்க" என்றேன். என் பேரையும் நானே சொன்னேன். கடைக்காரருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அவர் எழுதிவிட்டு அரிசியை நிறுத்தார். அரிசிப் பையோடு இன்னும் அங்கேயே நின்ற குடிகார அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவர் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்ட மாதிரி.

அடுத்த சம்பள நாளில் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மழை விட்டிருந்தது. பஜார் முழுக்க ஜனம். கடைக்காரர் வாசலில் ஒரு முக்காலிமேல் நின்று பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு ஆண் பேரைக் கூப்பிட்டால் ஒரு கிழவி "வந்திருக்கோம்" என்று முன்னால் போனார். இன்னொரு பேருக்கு ஒரு வயசுப் பெண் குரல் கொடுத்தாள். அத்தை என் காதருகில் குனிந்து, இவுக செத்து ரொம்ப வருசமாச்சு, இவுகளும் இல்ல, இது அவளோட அப்பன் பேரு, என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோவிலில் நின்றபோதுகூட எனக்கு அப்படி ஒரு பிரமிப்பு வந்ததில்லை. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பாக்கி வைத்தே அந்த ஜனங்கள் தங்கள் மனிதர்களைப் போகவிடாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் ஒரே கூட்டமாக அந்த வாசலில் வந்து நின்ற மாதிரி எனக்கு இருந்தது.

பேர்களின் வரிசை மாறாது. யார் பேருக்குப் பிறகு யார் பேர் என்பது அத்தைக்கு மனப்பாடம். பக்கத்து லயத்துப் பேர் முடிந்ததும் அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றார். கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, மாமனார் பேர் இருந்த இடத்தில் என் பேரைக் கூப்பிட்டார். அந்த மலைக்கு வந்த நாளிலிருந்து மருமகள், மதினி, அவன் பெண்டாட்டி என்றுதான் எனக்குப் பேர். என் சொந்தப் பேர் அத்தனை பேருக்கு நடுவில் கணீரென்று கேட்டது.

"வந்திருக்கோம்" என்றார் அத்தை.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. பிறகு கையை எடுத்து என் முதுகில் வைத்து முன்னால் தள்ளினார்.

"போ தாயி. ஒன்னத்தான் கூப்புடுறாக."